ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு டம்ளர்

திண்டிவனம்,
சித்திரை 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, உன் மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலம். தோட்டத்தில் தர்பூசணிக் கடைசிப் பறிப்பு நடக்கிறது. சுங்குவார்சத்திரத்தில் நீ ரூம் மாறிவிட்டாய், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ரூம், ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது என்று அம்மா சொன்னாள். வீட்டிலேயே ஸ்மூத்தி எப்படிப் போடுவது என்று நீ போனில் கேட்டபோது லாரிக்குப் பழம் ஏற்றிக்கொண்டிருந்தோம், நின்று பேச முடியவில்லை. பேச்சில் சொன்னால் அளவெல்லாம் மறந்துபோகும். எழுதி அனுப்பினால் உன்னோடு இருக்கிற பெண்களும் படித்துக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நீ ருசிக்காகக் கேட்டாய். ருசியாகவே சொல்லித் தருகிறேன். ஆனால் என் மனதில் வேறொன்றும் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலத்தில், லைனில் நிற்கிற பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுந்து போக வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ஒரு ஆள் வர வேண்டும். ஆள் வருகிற வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்து பாட்டிலைத் திறக்காமலே ஷிஃப்டை ஓட்டிவிடுவார்கள். வெளியே வரும்போது தலைவலி, அடுத்த வாரம் நீர்க்கடுப்பு, அதற்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை. பசிக்கு டீயும் பிஸ்கட்டும். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் தம்பி படித்தான், தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அவ்வளவையும் தாங்கிய உடம்புக்கு ஒரு டம்ளர் பழமும் தண்ணீரும் வேளைக்குப் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். உனக்கு அப்படி ஆகக் கூடாது.

உன் லைன் முழுக்க ஏசி என்று சொன்னாய். அங்கே வியர்க்காது, தாகமும் தெரியாது, அதனால் குடிக்கத் தோன்றாது. ஏசிக் காற்று உடம்பிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டு வெளியே வந்தால் தார் ரோட்டில் அனல் அடிக்கும். கடற்காற்று சென்னைக்கு மத்தியானமே வந்துவிடும், சுங்குவார்சத்திரம் வரை உள்ளே வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். உன் ரூமில் இருக்கிற, ரப்பர் மோல்டிங் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற பெண்ணின் நிலைமை வேறு. அவள் எட்டு மணி நேரமும் வியர்வையில் நனைகிறாள். தண்ணீரோடு உப்பும் அவளுக்குப் போகிறது. அதனால் உங்கள் இரண்டு பேர் டம்ளரும் ஒன்றாக இருக்க முடியாது. உனக்குப் பழமும் தண்ணீரும் போதும். அவளுக்கு உப்பு சேர்ந்த மோரோ, எலுமிச்சைத் தண்ணீரோ கட்டாயம் வேண்டும். கோடை வெப்ப அலையைத் தமிழக அரசே 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. புயல், வெள்ளத்துக்குக் காட்டுகிற எச்சரிக்கையை வெயிலுக்கும் காட்ட வேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம்.

சரி, மிக்சியிலிருந்து தொடங்குகிறேன். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்த மிக்சி இன்னும் நன்றாக ஓடுகிறது. பிளேடை மட்டும் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன், உன் மாமா ஓரகடம் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருவார். பெரிய ஜாரைப் பயன்படுத்து. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே, மூடி தூக்கிக்கொள்ளும். முதலில் தண்ணீரோ தயிரோ ஊற்று, அதன்மேல் மெத்தென்ற பழம், கடைசியில் கெட்டியான துண்டு. இப்படிப் போட்டால்தான் பிளேடு தடையில்லாமல் சுற்றும். ஒரே மூச்சில் ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டு. அதிக நேரம் சுற்றினால் அந்தச் சூட்டிலேயே பழம் வெதுவெதுப்பாகி நுரை மட்டும் பொங்கும். திடீரென்று நின்றுவிட்டால் பயப்படாதே. பிளக்கைக் கழற்றிச் சற்று ஆறவிட்டு, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.

காலை ஷிஃப்டுக்கு விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் இட்லி இறங்காது. அதற்கு இதைச் செய். இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி ராத்திரியே அரை டம்ளர் தண்ணீரில் ஊறப் போடு. காலையில் எழுந்ததும் ஒரு கைப்பிடி மெல்லிசு அவலைக் கழுவி ஊறவை, நீ பல் தேய்த்து வருவதற்குள் ஊறிவிடும். பேரீச்சம்பழத்தை ஊறின தண்ணீரோடு முதலில் அரைத்துவிட்டு, அவல், இரண்டு பூவன் பழம், அரை டம்ளர் தயிர், ஒரு ஏலக்காய் போட்டு அடி. சர்க்கரை வேண்டவே வேண்டாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து எடு. பழம் கனியக் கனிய அதிலிருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும். இந்த வெயிலில் ராத்திரித் தயிர் காலைக்குள் லேசாகப் புளித்திருக்கும், அந்தப் புளிப்பைப் பூவன் பழம் சரிசெய்துவிடும். இது பத்து மணி டீ பிரேக் வரை தாங்கும்.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் தர்பூசணி. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் வேறு தண்ணீர் சேர்க்காதே. மூன்று டம்ளர் துண்டுக்கு ஐந்தாறு புதினா இலை, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. கறுப்பு விதையை எடுத்துவிடு, விதை அரைபட்டால் கசக்கும். கெட்டியாக வேண்டுமென்றால் முலாம்பழத் துண்டு கொஞ்சம் சேர்த்துக்கொள். ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கடைசியில் கலந்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

முலாம்பழத்தைக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து வாங்கு, வாசம் வந்தால்தான் இனிக்கும். அறுப்பதற்கு முன்னால் தோலை நன்றாகத் தேய்த்துக் கழுவு. சொரசொரப்பான அந்தத் தோலில் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும், கத்தி அதை அப்படியே சதைக்குள் கொண்டுபோய்விடும். பாதிப் பழத்துக்கு ஒரு டம்ளர் காய்ச்சி ஆறவைத்த பால், ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய். ஆவின் நீலப் பாக்கெட் போதும். அடித்தவுடன் குடித்துவிடு, வைத்துக் குடிக்காதே.

மாம்பழத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறு. சித்திரை கடைசியிலும் வைகாசியிலும்தான் நல்ல பழம் வரும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. மேலெல்லாம் ஒரே மஞ்சளாக மினுங்கி, உள்ளே கெட்டியாக, வாசமே இல்லாமல் இருக்கிற பழத்தை வாங்காதே. வாங்கின பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, கழுவி, தோல் சீவிவிட்டுப் பயன்படுத்து. ஒரு பங்கனபள்ளிக்கு முக்கால் டம்ளர் தயிர், கால் டம்ளர் தண்ணீர். தினமும் வேண்டாம், வார லீவு நாளில் எல்லோரும் சேர்ந்து குடியுங்கள்.

நுங்கு கிடைத்தால் மிக்சியைத் தொடாதே. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்திலேயே விற்பார்கள், விரல் வைத்தால் அமுங்குகிற இளசாகப் பார்த்து வாங்கு. மேல்தோலை உரித்துக் கையாலேயே மசித்து, ஒரு இளநீரை ஊற்றி, நன்னாரி சர்பத் ஒரே ஒரு ஸ்பூன் விடு. அரைத்தால் கூழாகிவிடும், மசித்தால்தான் துண்டு துண்டாக வாயில் நிற்கும்.

சேரவே கூடாதவையும் இருக்கின்றன. பப்பாளியைப் பாலோடு அடித்துச் சிறிது நேரம் வைத்தால் கசந்துவிடும். பப்பாளியில் இருக்கிற பப்பைன் பாலின் புரதத்தை உடைத்துவிடுவதுதான் காரணம். அன்னாசியில் இருக்கிற புரோமலைனும் அதையேதான் செய்யும். இந்த இரண்டு பழத்தையும் தண்ணீரோடோ இளநீரோடோ அடித்து எலுமிச்சை பிழிந்துகொள். எலுமிச்சை, சாத்துக்குடி போட்டதில் பால் ஊற்றினால் திரிந்துவிடும், புளிப்புப் பழத்துக்குத் தயிர்தான் பொருந்தும்.

ஐஸ் விஷயத்தில் கண்டிப்பாக இரு. சாப்பிடுவதற்கு இல்லாமல் பொருள் குளிர்விக்கச் செய்கிற ஐஸைச் சாப்பாட்டு ஐஸோடு கலந்துவிடக் கூடாது என்று, அதற்கு நீல நிறம் சேர்க்கச் சொல்லி 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அப்படியானால் நீலமாக இல்லாத ஐஸெல்லாம் நல்லது என்று எண்ணிக்கொள்ளாதே. எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் இழுத்துவந்தார்கள் என்று தெரியாத ஐஸ் கட்டி எதுவும் உன் டம்ளருக்கு வேண்டாம். ஹவுஸ் ஓனர் அம்மா ஃபிரீசரில் கொஞ்சம் இடம் தந்தால், கனிந்த வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி டிபன் பாக்ஸில் போட்டு உறையவை. அதை அப்படியே தயிரோடு அடித்தால் ஐஸே இல்லாமல் ஐஸ்கிரீம் பதத்துக்கு வரும். பழத்தில் சர்க்கரை இருப்பதால் தண்ணீர் மாதிரி பாறையாக இறுகாது, பிளேடுக்கும் கேடில்லை. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஒரு மண்பானை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் காற்று வருகிற ஜன்னல் ஓரம் வை. முழுப் பழத்தின்மேல் ஈரத்துணி சுற்றி வைத்தாலும் குளிர்ச்சியாக இருக்கும். அறுத்த பழத்தை மட்டும் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, அடித்த ஜூஸுக்கும் அதே கணக்குத்தான். கேன் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் காய்ச்சிக்கொள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் உங்கள் பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி, நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்ற பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஊரே கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற சிப்காட் குடியிருப்பு திறந்தார்கள். அது வந்தது நல்லது. ஆனாலும் உன்னைப்போலத் தனியாக ரூம் எடுத்து நாலு பேராகச் சேர்ந்து இருக்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். அவர்கள் வயிற்றுக்குள் போவதை அவர்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்குகிற பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் குடிப்பதாகச் சொன்னாய். அதில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. விடிந்து வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காமல் நீ புரள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கோலா மாதிரிப் பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்குமேல் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்குமே சேர்த்துக்கொள்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால் லிட்டர் பாட்டில் ஒன்றிலேயே அது முடிந்துவிடுகிறது.

அட்டைப் பெட்டியில் ஓஆர்எஸ் என்று அச்சடித்து வந்த இனிப்புத் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தைகள் நல டாக்டர் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானத்துக்கு அந்தப் பெயரே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நிஜமான ஓஆர்எஸ் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும், இரண்டு மூன்று வாங்கி ரூமில் வைத்துக்கொள். அவசரத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் பழ ஜூஸ் வேண்டாம், இதுதான். யாராவது வெயிலில் தலைசுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டே 108க்கு போன் போடுங்கள்.

நம் பழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 கோடையில் தர்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஜனங்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். விலை சரிந்து, நம் பக்கத்தில் எத்தனையோ பேர் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் கொடியிலேயே விட்டார்கள். தை மாதம் விதை போட்டு மூன்று மாதம் ராப்பகலாகக் காத்த பயிர் அது. ஊசி குத்தின பழம் அந்த ஓட்டை வழியாகவே அழுக ஆரம்பித்துவிடும், லாரி ஏறிச் சந்தைக்குப் போய்ச் சேராது. உனக்குச் சந்தேகம் வந்தால் அறுத்த சதையில் வெள்ளைப் பஞ்சை ஒற்றிப் பார். பளிச்சென்று சாயம் ஒட்டினால் வேண்டாம். இல்லாவிட்டால் தைரியமாகச் சாப்பிடு, ரூமிலும் லைனிலும் கேட்கிறவர்களுக்கும் சொல். நல்ல பழத்துக்கு அடையாளம், தரையில் கிடந்த பக்கம் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும், காம்புக்குப் பக்கத்துச் சுருள்கொடி காய்ந்திருக்கும், தூக்கினால் கனக்கும், தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும்.

செலவுக்கு ஒரு யோசனை. நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாரத்துக்கு ஒரு தடவை பழம் வாங்குங்கள். காலை ஷிஃப்ட் முடிந்து முதலில் வருகிறவள் மற்றவர்களுக்கும் சேர்த்துப் பழத்தைக் கழுவி வைக்கட்டும், அவரவர் வந்ததும் அறுத்து அடித்துக்கொள்ளலாம். ஜாரை உடனே கழுவிக் கவிழ்க்க வேண்டும், பிளேடுக்கு அடியில் பழம் ஒட்டியிருந்தால் அடுத்த நாளே நாற்றம் எடுக்கும். அம்மா அங்கே வந்து தங்கினால் அவளுக்கு இதையெல்லாம் கொடுக்காதே, சுகர் ஏறிவிடும். உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் கொடு.

இவ்வளவும் ஷிஃப்டுக்கு முன்னாலும் பின்னாலும். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரம்தான் எனக்குக் கவலை. காலையில் நன்றாகக் குடித்துவிட்டுப் போனால் லைனில் எழுந்து போக வேண்டி வருமே என்று யோசிப்பாய், அதனால் டம்ளரைப் பாதியில் வைப்பாய். அப்படிச் செய்யாதே. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குடிநீரைக் குளிர வைத்துத் தர வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கழிப்பறையும் அதே சட்டத்தில் இருக்கிறது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்த பிறகும் குடிநீரும் கழிப்பறையும் நிர்வாகத்தின் கடமைதான். எழுந்து போக ஆள் வேண்டுமென்று லைன் லீடரிடம் கேட்பது சலுகை கேட்பதில்லை. நீ ஒருத்தி கேட்கக் கூசினால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் வேலைக்கு வரப்போகிற சின்னப் பெண்களுக்கும் அது வழியாகும்.

வெள்ளிக்கிழமை சிங்கப்பெருமாள்கோயில் வழியாக நம் வண்டி ஓரகடம் வருகிறது. மிக்சியும் ஐந்து தர்பூசணியும் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றை ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஃபிரீசரில் இடம் கேள். பிரஸ்ஸில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்குக் கால் குறண்டி இழுக்கிறது என்றாயே, மோரில் உப்பு சேர்த்துக் குடித்த பிறகும் நிற்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போ, அதை மட்டும் தள்ளிப்போடாதே. அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று தெரிந்ததும் எழுது, அல்லது போன் பண்ணு.

அன்புடன்,
உன் அக்கா